வாங்க மறுத்தவர்கள்: தென்னாப்பிரிக்காவின் பகிஷ்கரிப்புப் போராட்டமும் முஸ்லிம்களின் பங்கும்

தென்னாப்பிரிக்காவைப் பற்றி வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் மூன்று வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். வெள்ளையர் ஆட்சியில் நிறவெறி இருந்தது. மண்டேலா 27 வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்தார், நிறவெறி ஒழிந்தது. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 27 வருடமும், அதற்கு முந்திய அரை நூற்றாண்டும், சிறைக்கு வெளியே இருந்த சனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அந்த மூன்று வரிக்குள் அடங்காது.

அவர்கள் செய்த பல வேலைகளில் ஒன்று, மறுத்தது. பத்திரம் எடுக்க மறுத்தார்கள், பஸ்ஸில் ஏற மறுத்தார்கள், கிழங்கு வாங்க மறுத்தார்கள், வாக்குப் போட மறுத்தார்கள். வாக்கும் ஆயுதமும் இல்லாத மக்களின் கையில் இருந்தது இந்த மறுப்புத்தான். அந்நாட்டுச் சனத்தொகையில் இரண்டு வீதத்தையும் எட்டாத முஸ்லிம்கள் இந்த வரலாற்றில் தொடக்கம் முதலே இருக்கிறார்கள். அவர்கள் எங்கே நின்றார்கள், யாருக்காக நின்றார்கள் என்பதை நிதானமாகப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

பள்ளிவாசல் வளவில் எரிந்த பத்திரங்கள்

டிரான்ஸ்வால் பிரதேசத்தில் 1885 இல் வந்த 3 ஆம் இலக்கச் சட்டம் யாருக்கெல்லாம் உரிமை இல்லை என்பதை வரையறுத்தபோது, கூலிகள், அரபிகள், மலாயர் என்போருடன் துருக்கி இராச்சியத்தின் முஸ்லிம் பிரசைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதே துருக்கி இராச்சியத்தின் கிறிஸ்தவரும் யூதரும் அந்தப் பட்டியலில் இல்லை. நிறத்தோடு மார்க்கமும் அங்கே அளவுகோலாக இருந்தது.

1906 இல் இந்தியர் அனைவரும் பத்து விரல் அடையாளமும் கொடுத்துப் பதிவுப் பத்திரம் எடுக்க வேண்டும், கேட்ட இடத்தில் காட்ட வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி ஜொஹனஸ்பேர்க் எம்பயர் நாடக அரங்கில் கூடிய கூட்டத்தில், இந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்வோம் என்று எழுந்து சொன்னவர் ஹாஜி ஹபீப் என்ற வணிகர். அந்தக் கூட்டத்தில் இருந்த காந்தி, சத்தியம் என்ற சொல் வந்தவுடன் திடுக்கிட்டு, அதன் பாரத்தைச் சபையோருக்கு விளக்கினார். பிற்காலத்தில் உலகம் முழுதும் பேசப்பட்ட சத்தியாக்கிரகத்தின் முதல் உறுதிமொழி அங்கேதான் எடுக்கப்பட்டது.

1907 இல் அது மீண்டும் சட்டமாக வந்தபோது பதிவு அலுவலகமே பகிஷ்கரிக்கப்பட்டது. தொண்டர்கள் வாசலில் நின்று வருவோரிடம் பக்குவமாகப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். நவம்பர் முடிவில் காலக்கெடு தீர்ந்தபோது சுமார் 13,000 இந்தியரில் பதிந்தவர்கள் 500 பேரளவில்தான். அரசு தலைவர்களைச் சிறையில் போட்டது, பிறகு பேச்சுக்கு வந்தது. விரும்பிப் பதிந்தால் சட்டத்தை நீக்குவதாக வாக்குறுதி தரப்பட்டதாக நம்பி மக்கள் பதிந்தார்கள். சட்டம் நீங்கவில்லை.

அதன் மறுமொழியாக 1908 ஓகஸ்ட் 16 ஆம் திகதி, ஃபோர்ட்ஸ்பேர்க்கில் உள்ள ஹமீதியா பள்ளிவாசல் வளவில் மூன்று காலுடைய பெரிய இரும்புப் பானையொன்று வைக்கப்பட்டது. 2,000 க்கும் மேற்பட்ட பத்திரங்களை அதில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். முஸ்லிம்கள், இந்துக்கள், பார்சிகள், சீனர்கள் எல்லோரும் அந்த முற்றத்தில் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் பிரித்தானிய இந்தியர் சங்கத்தின் தலைவராக வந்தவர் அஹ்மத் முஹம்மத் கச்சாலியா. துணி வியாபாரி. வெள்ளை மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து விற்பவர். போராட்டத்தை விடு, இல்லாவிட்டால் கடன் முழுவதையும் உடனே கட்டு என்று அவர்கள் நெருக்கினார்கள். கச்சாலியா விட்டுக்கொடுக்கவில்லை. கடையைக் கடன்காரர் கையில் ஒப்படைத்து வங்குரோத்து ஆனார். சரக்கை விற்றுக் கணக்குப் பார்த்தபோது ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியது சதம் குறையாமல் கிடைத்தது. அவருடைய வியாபாரம் மட்டும் திரும்பி எழவில்லை. பகிஷ்கரிப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. வாங்கமாட்டேன் என்று சொல்ல ஏழைக்கு உரிமை இருப்பதுபோல, தரமாட்டேன் என்று சொல்லும் பலம் பணக்காரனிடம் இருக்கிறது. இரண்டாவதன் அடி மிகக் கடுமையானது.

அந்தப் போராட்டத்தின் குறை

1908 இன் வீரத்தைப் பாராட்டும்போது அதன் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். பத்திரம் காட்டித் திரிய வேண்டிய அவமானம் கறுப்பின மக்களுக்கு அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே இருந்தது. பள்ளிவாசல் வளவில் பத்திரம் எரித்தவர்கள் அந்த மக்களின் பாஸ் சட்டத்தை எதிர்க்கவில்லை. எங்களை அவர்களோடு ஒன்றாக வைக்காதே என்பதே அன்றைய விண்ணப்பங்கள் பலவற்றின் தொனி. காந்தியின் அக்கால எழுத்துகளிலும் இந்தத் தொனி உண்டு.

1913 இல் இந்தியர் போராட்டம் மிகப் பெரிதாக எழுந்தது. பெண்கள் சிறை சென்றார்கள், நேட்டால் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினார்கள். சிறையிலிருந்து நோயோடு வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் 16 வயதில் இறந்தார். அவ்வாண்டு 3 பவுண் தலைவரி நீங்கியது. முஸ்லிம், இந்து முறைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அதே 1913 இல்தான் கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 வீதத்தை மட்டும் ஒதுக்கிய காணிச் சட்டமும் வந்தது. அந்த இரண்டு போராட்டங்களும் பக்கத்துப் பக்கத்து வீதிகளில் ஒன்றையொன்று பாராமல் நடந்துபோயின.

இந்த மதில் உடைய முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. உடைத்தவர்களில் ஒருவர் குரூகர்ஸ்டோர்ப் ஊரில் குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த வைத்தியர் யூசுப் தாதூ. கொமியூனிஸ்ட் கட்சிக்காரர். இந்தியர் எங்கே காணி வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்திய 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து டேர்பனில் தொடங்கிய போராட்டத்தில் ஏறக்குறைய 2,000 பேர் சிறை சென்றார்கள். அந்த அனுபவத்தின் முடிவில், 1947 மார்ச் 9 ஆம் திகதி, தாதூவும் நேட்டால் இந்தியர் காங்கிரஸின் வைத்தியர் நாய்க்கரும், ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் வைத்தியர் சூமாவும் சேர்ந்து நடப்பதென உடன்படிக்கை எழுதினார்கள். மூன்று வைத்தியர் உடன்படிக்கை என்பது அதற்குப் பெயர். 1952 சட்டமறுப்பு இயக்கத்தில் வெள்ளையருக்கென ஒதுக்கிய வாசலால் நுழைந்தும், பாஸ் இல்லாமல் தடுத்த இடத்துக்குப் போயும் 8,000 க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதன் செயலாளர்கள் இருவர்: வோல்டர் சிசுலு, யூசுப் கச்சாலியா. இந்த யூசுப், 1908 இல் வியாபாரத்தை இழந்த அந்தக் கச்சாலியாவின் மகன். வாப்பா தன் சமூகத்துக்காகச் செய்ததை, மகன் நாட்டின் எல்லா மக்களோடும் சேர்ந்து செய்தார்.

பஸ்ஸும் கிழங்கும்

1957 ஜனவரி 7 ஆம் திகதி, ஜொஹனஸ்பேர்க்குக்கு வடக்கே உள்ள அலெக்சாண்ட்ரா குடியிருப்பில் பஸ் கட்டணம் 4 பென்ஸிலிருந்து 5 பென்ஸ் ஆனது. ஒரு பென்ஸ்தானே என்று நாம் நினைப்போம். வீட்டு வேலைக்கும் தொழிற்சாலைக்கும் தினமும் போய்வருகிறவனின் கையில் அது ஒரு நேரச் சாப்பாடு. ‘அஸிக்வெல்வா’ என்பது அவர்களின் முழக்கம். ஏறமாட்டோம் என்று பொருள். நகரத்துக்குப் போக ஏறக்குறைய 15 கிலோமீற்றர், வர அதேயளவு. ஆயிரக்கணக்கானோர் விடிய முன் எழும்பி, மழையிலும் நடந்தார்கள். அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கிய பஸ் பகிஷ்கரிப்பு ஒரு வருடத்தைத் தாண்டி வெற்றியோடு முடிந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

வழியில் பொலிஸ் மறித்துப் பாஸ் கேட்டது. சில வெள்ளையர் தம் கார்களில் ஏற்றிச் சென்றார்கள், அவர்களையும் மறித்தது. ஏப்ரல் வரை நடந்தார்கள். கடைசியில் வித்தியாசத்தை வர்த்தக சம்மேளனம் ஏற்பதென்று ஆகி, பிறகு முதலாளிகள் கட்டும் வரியைக் கூட்டச் சட்டமும் வந்தது. பயணிக்குக் கட்டணம் 4 பென்ஸிலேயே நின்றது. பாராளுமன்றத்தில் ஒரு ஆசனமும் இல்லாத மக்கள், நடந்தே ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து வந்த கிழங்குப் பகிஷ்கரிப்பு வேறு வகை. பாஸ் இல்லாமல் பிடிபட்டவர்களிடம், சிறையா தோட்ட வேலையா என்று கேட்டு, விரும்பிப் போனதாகக் கையொப்பம் வாங்கி, பெத்தல் பகுதிக் கிழங்குத் தோட்டங்களுக்கு லொறியில் ஏற்றினார்கள். அங்கே உடுப்புக்குப் பதில் சாக்கில் ஓட்டை வெட்டிப் போட்டுக்கொண்டு, அடி வாங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். 1952 இலேயே டிரம் சஞ்சிகையின் ஹென்றி என்சுமாலோ நேரில் போய் விசாரித்து எழுதியிருந்தார். 1959 நடுப்பகுதியில் ஆபிரிக்க தேசிய காங்கிரஸ், கிழங்கு வாங்காதே, தின்னாதே என்றது. அவ்வளவுதான் கட்டளை.

கிழங்கு ஏழைகளின் அன்றாட உணவு. மீனும் பொரித்த கிழங்கும் விற்ற கடைகளில் மீன் மட்டும் போனது. சந்தைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. தோட்டத்தில் செத்தவர்களை அந்த மண்ணிலேயே புதைக்கிறார்கள், கிழங்கு மனித உருவத்தில் விளைகிறது என்று கதைகள் பரவின. கதைதான்; ஆனால் கிழங்கில் மனிதனின் இரத்தம் இருக்கிறது என்று மக்கள் உணர்ந்ததை அது சொல்கிறது. ஓகஸ்ட் முடிவில் பகிஷ்கரிப்பு நிறுத்தப்பட்டது. கைதிகளைத் தோட்டத்துக்கு அனுப்பிய அந்தத் திட்டத்தை அரசு அவ்வாண்டிலேயே இடைநிறுத்தியது.

அதே 1959 ஜூன் 26 ஆம் திகதி லண்டனில் ஜூலியஸ் நைரேரே பேசிய கூட்டத்தில், தென்னாப்பிரிக்கப் பழங்களையும் பொருட்களையும் வாங்காதிருக்கும் இயக்கம் தொடங்கியது. அடுத்த மார்ச்சில் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்து நின்ற கூட்டத்தைப் பொலிஸ் சுட்டு 69 பேர் இறந்த பின், அது நிறவெறி எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. அதன் தொடக்கக்காரரில் ஒருவர் ஜொஹனஸ்பேர்க்கில் பிறந்த தமிழ் வழியினரான வெல்லா பிள்ளை. அதன் கௌரவ செயலாளராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர் தென்னாப்பிரிக்க முஸ்லிமான அப்துல் மிந்தி.

இமாம் அப்துல்லாஹ் ஹாரூன்

கேப் டவுன் முஸ்லிம்களின் கதை பெரும்பாலும் வணிகர் கதையல்ல; அடிமைகளாகவும் அரசியல் கைதிகளாகவும் கிழக்கிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுவந்தவர்களின் சந்ததியினர் கதை. இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களை ஊர் ஊராகப் பெயர்த்தது. 1966 இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்ட டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் இருந்து 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளை இடித்தார்கள், பள்ளிவாசல்கள் நின்றன. தூரத்து மணற்காட்டுக் குடியிருப்புகளில் இருந்து ஜும்ஆவுக்கு அங்கேயே திரும்பி வந்தார்கள்.

கிளெயர்மொன்ட் அல் ஜாமிஆ பள்ளிவாசலின் இமாமாக 1955 இல் பொறுப்பேற்ற அப்துல்லாஹ் ஹாரூன், இமாமத்துக்குச் சம்பளம் எடுக்காமல் இனிப்புக் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக வேலை செய்தார். அந்த வேலை அவரைக் கறுப்பின மக்களின் லங்கா, நியாங்கா, குகுலெத்து குடியிருப்புகளுக்குள் கொண்டுபோனது. தம் ஜமாஅத்துக்கு நேரும் அநியாயத்தை மட்டும் பேசியிருந்தால் அவரை ஒருவேளை சும்மா விட்டிருப்பார்கள். அவர் கறுப்பினச் சகோதரரின் துயரத்தையும் மிம்பரில் பேசினார். கைதானவர்களின் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பணம் சேர்த்துக் கொடுத்தார்.

1969 மே 28, மீலாத் தினத்தில் அவரைப் பிடித்துப் போனார்கள். 123 நாள் விசாரணையின்றி வைத்திருந்தார்கள். செப்டெம்பர் 27 ஆம் திகதி இறந்தார். படியில் விழுந்தார் என்றது பொலிஸ். உடலில் 27 காயம், முறிந்த ஒரு விலா எலும்பு. பல்லாயிரக்கணக்கானோர் அவரது ஜனாஸாவைத் தோளில் சுமந்து மோப்ரே மையவாடி வரை நடந்தார்கள். 2023 ஒக்டோபரில்தான், மீண்டும் நடந்த மரண விசாரணையில், அவர் சித்திரவதையால் இறந்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 54 வருடம். அதைக் கேட்க அவரது மனைவி உயிரோடு இருக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது, அரசியல் பேசுகிறார் என்று ஒதுங்கியிருந்த ஆலிம்களும் இருந்தார்கள் என்பதையும் அங்குள்ள முஸ்லிம்கள் இன்று மறைப்பதில்லை.

மைதானமும் நம் நாடும்

1968 இல், கேப் டவுனில் பிறந்து நிறத்தால் தன் நாட்டுக்கு ஆட முடியாமல் இங்கிலாந்து போய் ஆடிய பேசில் டொலிவேரா இங்கிலாந்து அணியில் சேர்க்கப்பட்டதும், பிரதமர் வோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார். சுற்றுப்பயணம் நின்றது. 1970 க்குப் பின் 22 வருடம் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் ஆடவில்லை. சில மைதானங்களில் மட்டும் கலந்து ஆட விடுகிறோம், பகிஷ்கரிப்பை விடுங்கள் என்று அரசு இறங்கி வந்தபோது, உள்நாட்டு விளையாட்டுத் தலைவர் ஹசன் ஹோவா அதை ஏற்கவில்லை. வீதியில் ஒன்றாக நடக்க முடியாத சமூகத்தில் மைதானத்தில் மட்டும் இயல்பான விளையாட்டு நடக்காது என்பது அவர் வாதம்.

இங்கேதான் நம் நாடும் இந்தக் கதைக்குள் வருகிறது. இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடிய அதே 1982 இன் இறுதியில், அந்த முதல் டெஸ்டின் தலைவராயிருந்த பந்துல வர்ணபுரவின் தலைமையில் 14 வீரர்கள் ‘அரோசா’ என்ற பெயரில் தென்னாப்பிரிக்கா போய் ஆடினார்கள். திரும்பியபோது 25 வருடத் தடை காத்திருந்தது. கிரிக்கெட்டால் சீவியம் நடத்த முடியாத காலம் அது. அவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் வெள்ளையரல்லாத அணி ஒன்று அங்கே வந்து ஆடியது அந்த அரசுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை, கொடுத்த காசு சொல்கிறது.

தனி வாசல்

1983 இல் அரசு ஒரு புதிய யாப்பைக் கொண்டுவந்தது. பாராளுமன்றத்துக்கு மூன்று சபை. வெள்ளையருக்கு 178 ஆசனம், கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றும் இல்லை. முஸ்லிம்கள் பெரும்பாலும் இந்தியர், கலப்பினத்தார் என்ற இரண்டு பட்டியலுக்குள்தான் வருவார்கள். அதாவது 1906 இல் இருந்து கேட்ட தனி வாசல் இப்போது திறந்து வைக்கப்பட்டது.

போகலாமா? போகலாம் என்றவர்களிடமும் காரணம் இருந்தது. உள்ளே இருந்து பேசலாம், வீடு, பாடசாலை, வியாபார அனுமதி பெறலாம், இல்லாவிட்டால் அதுவும் இல்லை என்றார்கள். சிறுபான்மையாக வாழும் எவருக்கும் இந்த வாதம் புதிதாக இராது. மறுத்தவர்கள், கறுப்பின மக்களை வெளியே நிறுத்திவிட்டு நாம் உட்கார்ந்தால் நிறவெறிக்கு நாமே கையொப்பம் வைக்கிறோம் என்றார்கள். 1983 ஓகஸ்டில் ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவானது. கராச்சியில் மதரஸாக் கல்வி பெற்ற ஃபரீத் இஸ்ஹாக், இப்ராஹீம் ரசூல் முதலான இளைஞர்கள் 1984 இல் ‘இஸ்லாத்தின் அழைப்பு’ என்ற அமைப்பைத் தொடங்கி அந்த முன்னணியோடு நின்றார்கள். கிறிஸ்தவரோடும் கொமியூனிஸ்ட்களோடும் சேர்ந்து நிற்பது கூடுமா என்று ஜமாஅத்துகளுக்குள் கடுமையான தர்க்கம் நடந்தது. அநியாயத்துக்கு எதிராக நிற்பவனோடு சேர்ந்து நிற்பதைக் குர்ஆன் தடுக்கவில்லை என்பது அவர்களின் நிலைப்பாடு.

1984 ஓகஸ்ட் தேர்தலில் பதிவு செய்த கலப்பின வாக்காளரில் சுமார் 30 வீதமும், இந்தியரில் சுமார் 20 வீதமுமே வாக்களித்தார்கள். சபைகள் கூடின, ஆனால் யாரின் பெயரால் கூடுகின்றன என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. எனது பார்வையில் இந்த வரலாறு முழுவதிலும் மிகக் கடினமான பகிஷ்கரிப்பு இதுதான். கிழங்கை மறுப்பதில் இழப்பது ஒரு நேரச் சாப்பாடு. இங்கே மறுத்தது, தமக்கென்று நீட்டப்பட்ட சலுகையை.

விலையும் பலனும்

1985 ஜூலையில் போர்ட் எலிசபெத்தில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். முன்னின்றவர் முகுசெலி ஜாக் என்ற இளைஞர். கடைகள் காய்ந்து, வியாபாரிகளே அரசிடம் போய், இவர்களோடு பேசுங்கள் என்றார்கள். அதே வேளை, ஒளித்து வாங்கி வந்தவர்களைப் பிடித்து, வாங்கிய சமையல் எண்ணெயைக் குடிக்கவும் சவர்க்காரத்தைத் தின்னவும் வைத்த கொடுமையும் நாட்டின் பல இடங்களில் நடந்தது. பகிஷ்கரிப்பு விருப்பத்தில் நிற்கும் வரையில்தான் அதற்குத் தர்மம் உண்டு. கட்டாயம் வந்தவுடன் அது எதிர்த்த பொருளின் சாயலையே எடுத்துக்கொள்கிறது.

பகிஷ்கரிப்பு மட்டுமே நிறவெறியை வீழ்த்தவில்லை. தொழிற்சங்கங்கள், ஆயுதப் போராட்டம், 1985 இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தது, பனிப்போர் முடிவு எல்லாம் சேர்ந்தன. ஆனால் 1990 பெப்ரவரியில் தடைகள் நீங்கியபோதும், 1994 ஏப்ரல் 27 ஆம் திகதி எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தபோதும், அந்த வரிசையில் நிற்கும் பழக்கம் மக்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அலெக்சாண்ட்ரா வீதியில் சேர்ந்து நடந்ததும், சந்தையில் சேர்ந்து மறுத்ததும் அந்தப் பழக்கத்தைத் தந்தன.

ஹமீதியா பள்ளிவாசல் வளவில் நின்றவர்களும் 1984 இல் வாக்குப் போடாமல் வீட்டில் இருந்தவர்களும் ஒரே சமூகத்தின் மூன்று தலைமுறைக்குள் வருகிறவர்கள். முதலாமவர்கள் தமக்கு நேர்ந்த அவமானத்தை ஏற்க மறுத்தார்கள். பிந்தியவர்கள் அயலவனுக்கு நேரும் அவமானத்தின் மேல் தமக்கு வரும் நன்மையை ஏற்க மறுத்தார்கள். அந்த இடைவெளியைக் கடக்க அவர்களுக்கு எழுபத்தைந்து வருடம் எடுத்தது. சிறுபான்மையாக வாழும் ஒரு சமூகம் தன் உரிமையைக் கேட்கும்போதெல்லாம், பக்கத்தில் நிற்பவன் யார், அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே தென்னாப்பிரிக்க முஸ்லிம்களின் வரலாற்றில் நான் படித்துக்கொள்வது.